அங்கே தோசை சுட்டால் சுற்றுலா, இங்கே சோறு பொங்கினால் அசிங்கமா?



இது நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் பாதியில் எழுந்து போகலாம். வகுப்பில் அந்த உரிமையை உங்களுக்குக் கொடுத்ததில்லை, இங்கே கொடுக்கிறேன். ஆனால் கடைசி பெஞ்சில் இருந்துகொண்டு கமென்ட் மட்டும் போடுகிறவர்கள் தயவுசெய்து முழுசாக வாசித்துவிட்டுப் போடுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. போன வருஷம் சபரிமலை சீசனில் எடுத்தது. இந்த வருஷ சீசனுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்பதால் யாரோ தூசி தட்டி மறுபடியும் போட்டிருக்கிறார்கள். கன்னியாகுமரி போகும் ரோட்டோரம் ஒரு பழைய வேன். பக்கத்தில் செங்கல் அடுப்பு. கறுப்பு வேட்டி கட்டிய நாலைந்து பேர் சோறு பொங்குகிறார்கள். ஒரு பாட்டி வேன் நிழலில் படுத்திருக்கிறாள். தென்னை மரத்தில் கயிறு கட்டித் துணி காயப் போட்டிருக்கிறார்கள். ஆந்திராவோ தெலங்கானாவோ, நம்பர் பிளேட் பாதிதான் தெரிகிறது.

அதன் கீழே நீங்கள் எழுதியவை: "ஊரை நாறடிக்க வந்துட்டானுவ." "இவனுகளை ஆரல்வாய்மொழியிலயே திருப்பி அனுப்பணும்." "காட்டுமிராண்டிகள்." கடைசி வார்த்தையை எழுதியவனுக்கு நான் 1988-ல் 'விருந்தோம்பல்' என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு கொடுத்திருக்கிறேன்.

இப்போது இன்னொரு படத்தை நினைவுபடுத்துகிறேன். போன வருஷம் ஜூலையில் நான் போட்டது. நார்வேயில் ஒரு கடல் கழி ஓரம் பெரிய வெள்ளை வண்டி. வெளியே மடக்கு மேசையில் கேஸ் அடுப்பு. நான் லுங்கி கட்டிக்கொண்டு தோசை சுடுகிறேன். என் மனைவி நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்திருக்கிறாள். பின்னால் கயிற்றில் என் துண்டும் பேரனின் சட்டையும் காய்கின்றன. அதற்கு நூற்றுக்கும் மேல் லைக். "செம்ம சார்!" "வாழ்ந்தா இப்படி வாழணும்." "வயசான காலத்துல கலக்குறீங்க சார்."

அதே வண்டிப் படுக்கை, அதே ரோட்டோரச் சமையல், அதே ஈரத்துணி. ஒன்று வாழ்க்கை, இன்னொன்று காட்டுமிராண்டித்தனம். எப்படி மக்கா? வண்டியின் நிறம் வெள்ளை என்பதாலா?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம்தான். ஆனால் அதில் பாதி என் மேலேயே எனக்குள்ள கோபம். அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் பயணத்தை நான் எப்படித் திட்டம் போட்டேன் என்று சொல்ல வேண்டும். அதில்தான் பாடம் இருக்கிறது.

மகளும் மருமகனும் சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்தில் இருக்கிறார்கள். மோட்டார் ஹோம் என்கிற வீட்டு வண்டியை இருபத்து நாலு நாள் வாடகைக்கு எடுத்து, ஐரோப்பாவின் வடக்கு முனையான நார்த் கேப் வரை போய் வருவது என்று முடிவு. "அப்பா, ரூட்டு போடுற வேலை உங்களுக்கு" என்றாள் மகள். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்கு மேப் தொங்கவிட்டுக் குச்சியால் காட்டியவனுக்கு வேறு என்ன வேண்டும்? நோட்டுப் புத்தகம் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிட்டேன்.

கோத்தன்பர்க்கிலிருந்து ஓஸ்லோ, அங்கிருந்து டிரான்ட்ஹைம், வடக்கே ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிப் போடோ, அங்கே கப்பலில் வண்டியை ஏற்றி லோஃபோடன் தீவுகள், பிறகு நார்விக், ஆல்டா, நார்த் கேப். திரும்பும்போது பின்லாந்து வழியாக ரோவனியேமி, அப்புறம் சுவீடனின் கிழக்குக் கரையோரமாகவே கீழே. மொத்தம் ஐயாயிரம் கிலோமீட்டரை ஒட்டி வந்தது. சுவீடனின் தென்கோடியிலிருந்து நார்வேயின் கிர்க்கெனெஸ் வரை போகிற ஈ-6 என்ற நெடுஞ்சாலை மட்டுமே 3,000 கிலோமீட்டருக்கு மேல். நம் ஸ்ரீநகர் - கன்னியாகுமரி சாலையின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நாளுக்கு 450 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டிருந்தேன். எங்கே என்ன மலை, எங்கே என்ன அருவி என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். மகள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, நான் பிள்ளைகளுக்குத் திருத்திக் கொடுப்பது போல, சிவப்புப் பேனாவால் மூன்று கோடு இழுத்துக் கொடுத்தாள். "மூணு காலம் போடுங்கப்பா. ராத்திரி எங்க நிறுத்துறோம், தண்ணி எங்க பிடிக்கிறோம், கழிவை எங்க கொட்டுறோம். இந்த மூணும் எழுதின பிறகு மலையைப் பாத்துக்கலாம்."

அவள் சொன்னதுதான் சரி. அந்த வண்டியில் சுமார் நூறு லிட்டர் நல்ல தண்ணீர் பிடிக்கும். ஐந்து பேர் குளித்துச் சமைத்தால் ஒன்றரை நாள். கழிப்பறைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. இருபது லிட்டர்கூட இல்லை. இரண்டு நாளில் நிறைந்துவிடும். நிறைந்துவிட்டால் அருவியாவது ஆர்க்டிக்காவது! அதைக் கழற்றி, சக்கரம் வைத்த சூட்கேஸ் போல இழுத்துக்கொண்டு போய், அதற்கென்று இருக்கிற இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். அந்த வேலை மருமகனுக்கு. தங்கமான பையன். பாத்திரம் கழுவிய அழுக்குத் தண்ணீருக்குத் தனித் தொட்டி. அதையும் கண்ட இடத்தில் திறந்துவிடக் கூடாது.

ஆக, எங்கள் பயணத்தின் பாதையை முடிவு செய்தது அந்த இருபது லிட்டர் பெட்டி. எந்த ஊரில் கொட்ட வசதி இருக்கிறதோ அந்த ஊர் வழியாகப் போனோம். நாளுக்கு 200, மிஞ்சினால் 250 கிலோமீட்டர். சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி நின்றாக வேண்டும். ஜூன், ஜூலையில் அங்கே ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே சூரியன் அடைவதே இல்லை. வெளிச்சம் இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டே போனால் டிரைவருக்கு எப்போது தூக்கம் வந்தது என்றே தெரியாது. "சூரியனை நம்பாதே, கடிகாரத்தை நம்பு" என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நார்வேயில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாம் என்று உங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கிடையாது. 1957-ல் அவர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். பயிரிடாத வெளியில் யாரும் நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அனுமதி கேட்காமல் ஒரே இடத்தில் இரண்டு நாளுக்கு மேல் தங்கக் கூடாது. ஆனால் அது காலால் நடந்து போகிறவனுக்கு உள்ள உரிமை. மோட்டார் வண்டிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வண்டிக்கு வேறு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சாலையோர ஓய்விடங்கள், காசு கொடுத்துத் தங்கும் கேம்பிங் மைதானங்கள், தண்ணீர்க் குழாய், கழிவு கொட்டும் இடம். சில இரவு காசில்லாமல் நின்றோம். சில இரவு நம் ரூபாயில் மூவாயிரம் வரை கொடுத்தோம்.

போடோவுக்குத் தெற்கே கடலோரச் சாலையில் ஊரெட்பிளாசன் என்று ஓர் இடம். அதைப் பார்க்க அரை நாள் சுற்றிப் போனோம். அங்கே என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு கக்கூஸ்! அலை போல வளைந்த கான்கிரீட், பனி படிந்தது போன்ற கண்ணாடி, ராத்திரி உள்ளே விளக்கு எரிந்தால் விளக்குக்கூடு போல இருக்கும். நார்வே நாட்டு நெடுஞ்சாலைத் துறை 2018-ல் கட்டியது. அந்த நாட்டில் 18 சாலைகளைச் சுற்றுலாச் சாலைகள் என்று பிரித்து, அவற்றின் ஓரத்தில் இப்படி ஓய்விடங்களைப் பெரிய கட்டடக் கலைஞர்களை வைத்துக் கட்டுகிறார்கள். வழிப்போக்கன் ஒன்றுக்குப் போகிற இடத்தை அரசாங்கம் பெருமையாகக் கட்டுகிறது, ஜனங்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். அதற்கும் நீங்கள் லைக் போட்டீர்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

நார்த் கேப் 71 டிகிரி வடக்கு. அங்கே நிலம் முடிகிறது. கன்னியாகுமரி 8 டிகிரி வடக்கு. இங்கே நிலம் முடிகிறது. அந்த முனைக்கு நான் போனபோது மலை உச்சியில் வீட்டு வண்டிகள் வரிசை வரிசையாக ராத்திரிக்கு நின்றன. இந்த முனைக்கும் வண்டிகள் வரிசை வரிசையாகத்தான் வருகின்றன. கார்த்திகை ஒன்று முதல் தை மகரவிளக்கு வரை, சபரிமலை முடித்த கையோடு சுசீந்திரம், கன்னியாகுமரி, திருச்செந்தூர், ராமேஸ்வரம், மதுரை என்று ஒரு சுற்று. பெங்களூரில் இருந்து இங்கே 680 கிலோமீட்டர் வரும். ஹைதராபாத்தில் இருந்து 1,200-க்கு மேல். விவேகானந்தர் பாறை 1970-லிருந்து, வள்ளுவர் சிலை 2000-லிருந்து, இரண்டையும் இணைக்கிற கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் இருந்து. பார்க்க ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே இருக்கிறோம்.

அந்த வேன்காரர்களுக்காக என் மகள் போட்ட மூன்று காலத்தை நாம் நிரப்பிப் பார்ப்போமா? ராத்திரி எங்கே நிறுத்துவது? தண்ணீர் எங்கே? மலஜலம் எங்கே? பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கடற்கரையை ஒட்டி உள்ள கொஞ்ச வசதி சீசன் கூட்டத்துக்குக் காணாது. வழியில் என்ன இருக்கிறது? வடக்கே இருந்து வருகிறவன் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழையும்போது விடிகாலை நாலு மணி. கேரளாவில் இருந்து வருகிறவன் களியக்காவிளை தாண்டும்போது நடுராத்திரி. அவனுக்கு நாம் எழுதி வைத்திருக்கிற பதில்: காலி, காலி, காலி.

நான் இருபத்து நாலு நாளும் பதில் எழுதின நோட்டோடு பயணம் போனேன். அதனால் நான் நாகரிகமானவன் ஆனேன். அந்தப் பாட்டிக்கு அந்த நோட்டு இல்லை. அதனால் அவள் அசிங்கம் ஆனாள். வித்தியாசம் இவ்வளவுதான்.

உங்கள் பதில்கள் எனக்குத் தெரியும். நாற்பது வருஷமாக உங்கள் சாக்குகளைக் கேட்டவன் நான்.

"அவனுகளுக்கு ஒழுக்கம் இல்லை சார், வெள்ளைக்காரன் அப்படிச் செய்ய மாட்டான்." செய்வான் மக்கா. லோஃபோடன் தீவுகளில் கோடையில் வருகிற வண்டிகளும் கூடாரங்களும் உள்ளூர்க்காரர்களின் கழுத்தை நெரிக்கின்றன. கழிப்பறை இல்லாத கடற்கரையில் பாறை மறைவில் என்ன கிடக்கும் என்று நான் கண்ணால் பார்த்தேன், வெள்ளைக் காகிதத்தோடு. அங்கும் ஊர்க்காரர்கள் சண்டை போட்டார்கள், பல இடங்களில் ராத்திரி நிறுத்தக் கூடாது என்று பலகை வைத்தார்கள். ஆனால் பலகை வைத்ததோடு நிற்கவில்லை. பக்கத்தில் காசு கொடுத்து நிறுத்தும் இடத்தையும் ஒதுக்கினார்கள். வயிறு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. இடம் இருந்தால் ஒழுக்கம் வரும். இடம் இல்லாத இடத்தில் ராஜாவுக்கும் புதர்தான்.

"காசு இருந்தா லாட்ஜ் எடுக்க வேண்டியதுதானே?" பதினாலு பேர் வந்த வேனுக்கு நாலு ரூம் வேண்டும். சீசனில் நாலு ரூம் என்ன விலை என்று லாட்ஜ் வைத்திருக்கிற நம் பிள்ளைகளே கமென்டில் சொல்லட்டும். வருஷம் முழுக்கச் சீட்டுக் கட்டி வருகிற ஜனம் அது. இன்னொன்று: கேரளத்தில் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கு என்றே கொள்கை வெளியிட்டார்கள். வண்டிக்குள் ஏசி, கட்டில், கழிப்பறை எல்லாம் உண்டு. நல்லது, வரட்டும். ஆனால் வண்டியில் படுத்து, வண்டியில் சமைத்து ஊர் சுற்றுகிற கலையை இந்த நாட்டில் ஐம்பது வருஷமாகச் செய்து வருகிறவர்கள் இந்தப் பழைய வேன்காரர்கள். பணக்காரன் செய்தால் கொள்கை வருகிறது, ஏழை செய்தால் போலீஸ் வருகிறது.

"இடம் எங்கே சார் இருக்கு?" மார்கழியில் கல்யாணம் கிடையாது. நம் ஊரில் பத்துப் பர்லாங்குக்கு ஒரு கல்யாண மண்டபம். ஒவ்வொன்றிலும் கிணறு, போர், பத்துக் கழிப்பறை, ஐம்பது வண்டி நிற்கிற முற்றம். சீசன் உச்சத்தில் இருக்கிற அந்த மாசம் முழுக்க அத்தனையும் பூட்டிக் கிடக்கின்றன. இடம் இல்லையாம்!

"கட்டிக் கொடுத்தாலும் நாறடிப்பார்கள்." இதில் பாதி உண்மை. நாம் கக்கூஸ் கட்டுவோம், ரிப்பன் வெட்டுவோம், பூட்டுப் போடுவோம், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. கூட்டிக் கழுவுகிற ஆளுக்குச் சம்பளம் போட மாட்டோம். அங்கே சுத்தமாக இருப்பதற்குக் காரணம், ஒருத்தர் தினமும் வந்து கழுவுகிறார், அவருக்கு மரியாதையான சம்பளம் கொடுக்கிறார்கள். வேனுக்கு ராத்திரிக்கு இருநூறு ரூபாய் வாங்குங்கள். சந்தோஷமாகக் கொடுப்பார்கள். அதில் ஆள் போடுங்கள்.

"இதெல்லாம் நமக்குப் பழக்கம் இல்லாத வெளிநாட்டுச் சமாச்சாரம்." இதைக் கேட்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பழக்கம் இல்லையா? நாஞ்சில் நாட்டுக்கா? வழியம்பலம் என்ற சொல் எந்த ஊர்ச் சொல்? நடந்து வருகிறவன் ராத்திரி படுத்து எழுந்து போக ஊருக்கு ஊர் கல்மண்டபம் கட்டிப் போட்டவர்கள் யார்? தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கவும் ஏற்றிக்கொள்ளவும் ஆள் உயரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்களே, வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவுக்கு அதை நட்டார்களே, அது எந்த வெளிநாட்டு வழக்கம்? தண்ணீர்ப் பந்தல் போட்டு மோர் ஊற்றியது யார்? பத்மநாபபுரம் அரண்மனைக்கு உங்களைக் கூட்டிப்போனபோது ஊட்டுப்புரையைக் காட்டினேனே, ஒரு தளத்துக்கு ஆயிரம் பேர் என்று இரண்டு தளத்திலும் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் என்று! எண்ணிக்கையைப் பரீட்சையில் சரியாக எழுதினீர்கள். அர்த்தம் மண்டையில் ஏறவில்லை. கால்நடையாக வந்தவனுக்கு அம்பலம் கட்டினார்கள் நம் பாட்டன்மார். வேனில் வருகிறவனுக்கு நாம் கமென்ட் கட்டுகிறோம்.

சரி. இப்போது என் மேல் எனக்குள்ள கோபம்.

1994 ஜனவரி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஊட்டி, மைசூர் கூட்டிப்போனோம். அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் இதை இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கே ஐம்பது வயது நெருங்குகிறது. அந்தப் பயணத்துக்கும் திட்டம் போட்டவன் நான்தான். "ராத்திரி ஓடினால் லாட்ஜ் வாடகை மிச்சம்" என்பதுதான் என் திட்டம். போகும்போது ஒரு ராத்திரி ஓட்டம். ஊட்டியில் பிள்ளைகளுக்கு ஹாலில் ஜமுக்காளம் விரித்துக் கொடுத்தோம். டிரைவர் அண்ணனை உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் மறுபேச்சுப் பேசவில்லை. அந்தக் குளிரில் அவர் பஸ் சீட்டில் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தார். பகல் முழுக்க ஓட்டினார். மைசூரில் சாயங்காலம் புறப்பட்டு மறுபடியும் ராத்திரி ஓட்டம்.

கோவில்பட்டி தாண்டி விடிகாலையில் பஸ் ரோட்டை விட்டு இறங்கிப் பருத்திக் காட்டில் சாய்ந்தது. இரண்டு பேருக்குக் கை முறிந்தது. ஒரு பிள்ளைக்கு நெற்றியில் ஏழு தையல். யாரும் சாகவில்லை. அது எங்கள் புண்ணியம் இல்லை, பருத்திக் காட்டின் புண்ணியம்.

மறுநாள் நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தில் "ஓட்டுநரின் அஜாக்கிரதை காரணமாக" என்று எழுதினேன். அழகான கையெழுத்தில். அவருக்கு வேலை போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. திட்டம் போட்டவன் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று 1961-லேயே வந்துவிட்டது. ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி நேர ஓய்வு, நாளுக்கு எட்டு மணி நேர வேலை, டிரைவர்கள் ராத்திரி தங்க நேரும் இடத்தில் முதலாளி ஓய்வறை ஏற்பாடு செய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. சமூக அறிவியல் வாத்தியாரான எனக்கு அது தெரியாது. ஐரோப்பாவில் பெரிய லாரி, பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியே தீர வேண்டும். வண்டியில் உள்ள கருவி அதைப் பதிவு செய்கிறது. மருமகன் இதைச் சொன்ன அன்று ராத்திரி வெளிச்சத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. சூரியன் அடையாததால் வராத தூக்கம் என்று மனைவி நினைத்தாள். எனக்குப் பருத்திக் காடு ஞாபகம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். ஏழு வருஷம் முன்பே இறந்துவிட்டார். அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் திட்டவில்லை, அழவில்லை. "அதுக்குப் பொறவு அவரு ராத்திரி வண்டி எடுக்கவே மாட்டேன்னுட்டாரு சாரே. பாதி வருமானம் போச்சு. மூத்தவளை பிளஸ் டூவோட நிறுத்தினோம்" என்றார். அவ்வளவுதான். காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே அந்தப் படத்தில் உள்ள வேனைப் பார்த்தால் எனக்கு அசிங்கம் தெரிவதில்லை. அந்த வேன் நின்றிருக்கிறதே என்று ஆறுதலாக இருக்கிறது. நின்று, சோறு பொங்கி, டிரைவர் நாலு மணி நேரம் தூங்கினால், பதினாலு குடும்பம் பிழைக்கும். "இங்கே நிற்காதே, போ போ" என்று நாம் விரட்டுகிறபோது, தூங்காத ஒரு மனிதனை மறுபடியும் ஸ்டியரிங்கில் உட்கார வைக்கிறோம். அடுத்த வளைவில் நம் பிள்ளைகள் பைக்கில் வந்துகொண்டிருப்பார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ரோட்டோர வீட்டுக்காரர்களின் எரிச்சல் நியாயமானது. விடிந்தால் தன் தோப்பில் மலம் கிடப்பதைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. என் கோபம் அவர்கள் மேல் இல்லை. எரிச்சல் பட்டுவிட்டு, அதற்கு என்ன வழி என்று யோசிக்காமல், படம் எடுத்துப் போடுவதோடு கடமை முடிந்தது என்று இருக்கிறவர்கள் மேல்தான்.

என்ன செய்யலாம்? உங்களில் மண்டபம் வைத்திருப்பவர்கள் குறைந்தது ஆறு பேர். மார்கழி மாசம் முற்றத்தையும் கழிப்பறையையும் திறந்து விடுங்கள், கட்டணம் வாங்குங்கள். கோயில் கமிட்டியிலும், பள்ளிவாசல் ஜமாத்திலும், சர்ச் கமிட்டியிலும் இருப்பவர்கள் உங்கள் மைதானத்தைப் பற்றி இந்த வாரக் கூட்டத்தில் பேசுங்கள். லாட்ஜ் வைத்திருப்பவர்களே, ஹோட்டல், லாட்ஜ்களில் டிரைவர்கள் படுக்க இடமும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளிலேயே திருத்தம் கொண்டுவந்தது. விதி உங்கள் கட்டடத்துக்குப் பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்காமல், ஒரு பாயும் ஃபேனும் கொடுங்கள். உள்ளாட்சியில் இருக்கிற பிள்ளைகளே, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒன்று, களியக்காவிளைப் பக்கம் ஒன்று, கன்னியாகுமரிக்கு முன்னால் ஒன்று. வண்டி நிறுத்த இடம், குழாய், கழிப்பறை, சமையலுக்கு ஒரு கொட்டகை, குப்பைத் தொட்டி, ஒரு சம்பள ஆள். மூன்றே இடம் போதும் என்று சொல்லவில்லை, மூன்றில் தொடங்குங்கள்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் சும்மா இருக்க முடியாது. ரோட்டை ஒட்டி எனக்குப் பதினெட்டு சென்ட் தென்னந்தோப்பு இருக்கிறது. பிளாட் போட்டு விற்றால் நல்ல விலை வரும் என்று மச்சான் மூன்று வருஷமாகச் சொல்கிறார். மன்னியுங்கள் மச்சான், இந்த வருஷமும் விற்கப்போவதில்லை. கிணறு இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. இரண்டு கழிப்பறைக்கு நேற்று வானம் தோண்டியாகிவிட்டது. பென்ஷன் அரியர் வந்த பணம் அதற்குச் சரியாக இருக்கும். கார்த்திகை ஒன்றாம் தேதி முதல் ராத்திரிக்கு எட்டு வேன் நிற்கலாம். வேனுக்கு இருநூறு ரூபாய், டிரைவருக்குத் தனிக் கட்டில், ராத்திரி பத்து மணிக்கு மேல் பாட்டு வைக்கக் கூடாது. கழுவிச் சுத்தம் செய்ய ஓர் ஆள் வேண்டும், மாசம் பதினைந்தாயிரம். வேன் கட்டணத்தில் வருகிறது போக மிச்சத்துக்கு நான் பொறுப்பு. அந்த டிரைவர் அண்ணனின் பெயரை ஒரு சின்னக் கல்லில் வெட்டித் தோப்பு வாசலில் நடப்போகிறேன். அவர் மனைவியிடம் சம்மதம் வாங்கிவிட்டேன்.

அந்தப் பழைய படத்தைக் குழுவில் போட்டவன் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். மக்கா, உனக்குத் தண்டனை உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தோப்புக்கு வந்து வண்டிகளுக்கு இடம் காட்டு. விடிகாலையில் அவர்கள் பொங்குகிற சோற்றை ஒரு வாய் சாப்பிட்டுப் பார். பிறகு ஒரு படம் எடுத்துப் போடு.

அதற்கு நான் முதல் லைக் போடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய ஜியாகிரபி சார்